கை மரத்துப் போகிறதா? தோளைப் பாருங்கள்!

மாமல்லபுரத்துக்குப் போயிருக்கிறீர்களா?

போயிருந்தால், அர்ச்சுனன் தபசு என்ற அந்தப் பெரிய பாறையைப் பார்க்காமல் திரும்பி இருக்க மாட்டீர்கள். யானைகள், மான்கள், தேவர்கள், நாகர்கள் என்று பாறை முழுவதும் சிற்பங்கள்.

அந்தப் பாறையில் ஒரு தவசி நிற்கிறார். ஒற்றைக் காலில் நிற்கிறார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி இருக்கிறார். உடம்பு வற்றி, விலா எலும்பு தெரிகிறது.

இவர் அர்ச்சுனன் என்பார்கள் சிலர். இல்லை, கங்கையைக் கொண்டு வந்த பகீரதன் என்பார்கள் வேறு சிலர். அந்த வழக்கு நமக்கு வேண்டாம். நமக்கு வேண்டியது அவருடைய கை!

கீழே ஒரு பூனையும் இருக்கிறது. அதுவும் பின்னங்காலில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேலே தூக்கித் தவம் செய்கிறது. சுற்றிலும் எலிகள்!

தவசியும் பூனையும் கையைத் தூக்கி ஏறக்குறைய 1,300 ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் இறக்கவில்லை. கை வலிக்கவில்லை. மரத்துப் போகவும் இல்லை.

காரணம், அது கல்.

நம் கை அப்படியா?

மூன்று நிமிடச் சோதனை

இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்குங்கள். முழங்கையை மடக்கி, உள்ளங்கை முன்னால் தெரியும்படி வையுங்கள். திருடனைப் பார்த்துப் போலீஸ்காரர் "கையைத் தூக்கு" என்றால் நிற்பார்களே, அந்த மாதிரி. இப்போது விரல்களை மெதுவாக மூடித் திறந்து, மூடித் திறந்து, 3 நிமிடம் செய்யுங்கள்.

சிலருக்குக் கை களைத்துப் போகும். அவ்வளவுதான். அது இயற்கை.

சிலருக்கோ விரல் நமநம என்கும். கை கனத்துவிடும். மதமதவென்று மரத்துவிடும். 3 நிமிடம் முடியும் முன்பே கையைப் பொத்தென்று போட்டுவிடுவார்கள்.

1966-ம் ஆண்டில் ரூஸ் என்ற அமெரிக்க டாக்டர் சொல்லிக் கொடுத்த சோதனை இது. தோளில் நரம்பு நெருக்கப்படுகிறதா என்று பார்ப்பதற்கு டாக்டர்கள் இன்றும் இதைச் செய்கிறார்கள். இது ஒன்றை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆனால் ஓர் உண்மை இதில் தெரிகிறது.

தூக்கியது தோள். மரத்தது விரல்!

இது எப்படி?

கடைமடை வயல்

செங்கல்பட்டுப் பக்கத்தை ஏரி மாவட்டம் என்று சொல்வது வழக்கம். செங்கல்பட்டுக்குக் கொளவாய் ஏரி. மதுராந்தகத்துக்கு மதுராந்தகம் ஏரி. ஊருக்கு ஊர் ஏரி உண்டு. இந்தப் பக்கத்து விவசாயிக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும்.

ஏரியில் தண்ணீர் தளும்புகிறது. ஆனால் கடைமடை வயல் காய்கிறது. விவசாயி என்ன செய்வார்? காய்ந்த வயலைத் தோண்டிக் கொண்டிருப்பாரா? மாட்டார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, வாய்க்கால் ஓரமாகவே மேலே நடப்பார். எங்கோ ஓர் இடத்தில் கல் விழுந்திருக்கும். கரை சரிந்திருக்கும். அதை எடுத்துவிட்டால் தண்ணீர் தானாக வரும்.

நம் கையும் அப்படித்தான். மூளைதான் ஏரி. கழுத்து எலும்பின் வழியாக நரம்பு என்ற வாய்க்கால் புறப்படுகிறது. தோளைக் கடந்து, முழங்கையைக் கடந்து, மணிக்கட்டைக் கடந்து விரல் நுனிக்கு வருகிறது. விரல்தான் கடைமடை.

விரல் மரத்துப் போனால் நாம் என்ன செய்கிறோம்? விரலைத் தேய்க்கிறோம். விரலுக்குத் தைலம் போடுகிறோம். விரலைச் சொடுக்கு எடுக்கிறோம்.

கல் விழுந்த இடம் மேலே இருக்கிறது!

ஐந்து மதகுகள்

கழுத்தில் இருந்து கைக்கு 5 நரம்பு வேர்கள் வருகின்றன. தோளுக்கு அருகில் அவை பின்னிப் பிணைந்து, மறுபடியும் பிரிந்து கைக்குள் இறங்குகின்றன. வழியில் 5 குறுகலான இடங்கள். மதகு மாதிரி.

முதல் மதகு, கழுத்து. எலும்பின் துவாரத்தில் இருந்து வெளியே வந்ததும், கழுத்தின் பக்கத் தசைகளுக்கு நடுவே நரம்பு நுழைந்து வருகிறது.

இரண்டாவது, காறை எலும்பு. சட்டைக் காலருக்குக் கீழே கையை வைத்தால் தட்டுப்படுமே, அந்த எலும்பு. அதற்கும் அதன் அடியில் உள்ள முதல் விலா எலும்புக்கும் இடையே நரம்பு போகிறது. இரத்தக் குழாயும் அதே வழிதான். கூனி உட்கார்ந்தால் இந்தச் சந்து குறுகும். தோளில் சுமை ஏற்றினாலும் குறுகும்.

மூன்றாவது, மார்பின் முன் தசை. அக்குளுக்கு அருகில் இந்தத் தசையின் அடியில் நரம்பு புகுந்து போகிறது. கையை மேலே தூக்கினால் நரம்பு இந்தத் தசையில் வளைந்து இழுபடும்.

நான்காவது, முழங்கை. அங்கே எலும்புக்குப் பின்னால் ஒரு பள்ளம். கதவில் இடித்துக்கொண்டால் சுர்ரென்று சுண்டுவிரல் வரை மின்சாரம் பாயுமே, அந்த இடம்தான். அங்கே நரம்பு தோலுக்கு அடியிலேயே கிடக்கிறது.

ஐந்தாவது, மணிக்கட்டு. எலும்பும் பட்டையும் சேர்ந்த ஒரு சிறு குகை. 9 தசைநார்களோடு ஒரு நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகிறது.

சிலருக்குப் பிறவியிலேயே கழுத்தில் ஒரு விலா எலும்பு கூடுதலாக இருக்கும். நூறு பேரில் ஒருவருக்கு இருந்தாலே அதிகம். அவர்களுக்கு மேல் மதகு இன்னும் குறுகல். ஆனால் எலும்பு சரியாக இருப்பவர்களுக்கும் கை மரக்கிறது. ஏன்? பழக்கம்! உட்காரும் பழக்கம், நிற்கும் பழக்கம், படுக்கும் பழக்கம்.

ஒரு சிற்பியின் வீட்டில்

மாமல்லபுரத்தில் உளிச் சத்தம் இன்னும் ஓயவில்லை. சிற்பக் கலையைச் சொல்லிக் கொடுக்க 1957-ல் அரசாங்கம் அங்கே ஒரு பயிற்சிக் கூடம் தொடங்கியது. அது பிறகு கல்லூரியாக வளர்ந்தது. மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சாலை ஓரத்தில் பட்டறைகள். கருங்கல் தூள் பறக்கிறது.

அங்கே வேலை செய்யும் ஒருவரின் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

இரவு 2 மணி. அவர் எழுந்து உட்கார்ந்து கையை உதறிக்கொண்டு இருக்கிறார். மனைவி விழித்துக்கொள்கிறார்.

"என்னங்க, தினம் ராத்திரி இப்படிக் கையை உதறிக்கிட்டே இருக்கீங்களே!"

"ஒண்ணுமில்லை. படு. கை மேலே படுத்துட்டேன் போல இருக்கு."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. காலையிலே டம்ளரைக் கீழே போட்டீங்க."

"விடிஞ்சா சரியாப் போயிடும்."

விடிந்தால் சரியாகத்தான் போகிறது. அதுதான் ஆபத்து! சரியாகப் போய்விடுகிறதே என்று அவர் விட்டுவிடுகிறார். ஒரு நாள் கண்ணுக்கு இமை செதுக்கும்போது உளி நழுவுகிறது. ஒரு மாத வேலை ஒரு நொடியில் போய்விடுகிறது.

அவருடைய வேலையைப் பாருங்கள். தரையில் உட்காருகிறார். கல் கீழே இருக்கிறது. தலையைக் குனிகிறார். தோள் முன்னால் சரிகிறது. இடது கை உளியை இறுக்கிப் பிடிக்கிறது. வலது கை சுத்தியலால் தட்டுகிறது. காலை முதல் மாலை வரை இதே இருப்பு. கழுத்திலும் காறை எலும்பிலும் சந்து குறுகுகிறது. மடக்கிய முழங்கையில் நரம்பு இழுபடுகிறது. இறுக்கிய பிடியில் மணிக்கட்டுக் குகை நெருக்கப்படுகிறது. இத்தனை மதகும் ஒரே நாளில்!

போதாக்குறைக்கு இப்போது மின்சார இயந்திரம் வந்திருக்கிறது. கல்லை அறுக்கும்போது கை முழுவதும் அதிர்கிறது. அதிர்வும் நரம்புக்கு எதிரி. 1918-லேயே ஆலிஸ் ஹாமில்ட்டன் என்ற அமெரிக்கப் பெண் டாக்டர் இதைக் கண்டுபிடித்தார். இண்டியானா மாநிலத்தில், காற்றழுத்தச் சுத்தியலால் கல் செதுக்கிய தொழிலாளர்களின் கைகளை அவர் பரிசோதித்தார். குளிர் நேரத்தில் அவர்களுடைய விரல்கள் வெளுத்து, மரத்துப் போயின!

தொழிலுக்கும் நோய்க்கும் உள்ள உறவை அதற்கும் முன்பே ஒருவர் எழுதி வைத்தார். இத்தாலி நாட்டு டாக்டர் ராமசினி. 1700-ம் ஆண்டில் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி அவர் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஒரே இருப்பில் உட்கார்ந்து எழுதும் கணக்கப்பிள்ளைகளின் கை வலியைப் பற்றியும் அவர் எழுதினார்.

விரல் சொல்லும் சேதி

எந்த மதகு அடைத்திருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எந்த விரல் மரக்கிறது என்று பாருங்கள். விரல் சேதி சொல்லும்.

சுண்டுவிரலும், மோதிர விரலின் பாதியும் மரக்கிறதா? முழங்கையைச் சந்தேகப்படுங்கள். சில சமயம் காறை எலும்புச் சந்தும் காரணமாக இருக்கும்.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரக்கிறதா? இரவில் எழுந்து கையை உதறினால் குறைகிறதா? மணிக்கட்டைச் சந்தேகப்படுங்கள்.

கையைத் தூக்கித் தலை வாரினாலும், கொடியில் துணி போட்டாலும் கை முழுவதும் கனத்து மரக்கிறதா? தோளைச் சந்தேகப்படுங்கள்.

கழுத்தைத் திருப்பினால் வலி மின்னல் போல் கைக்கு இறங்குகிறதா? கழுத்தைச் சந்தேகப்படுங்கள்.

இது வழிகாட்டிதான். தீர்ப்பு சொல்ல வேண்டியவர் டாக்டர்.

நாமும் தப்பவில்லை!

"நான் சிற்பி இல்லையே" என்று சும்மா இருக்காதீர்கள்.

கோவளத்தில் இருந்து சதுரங்கப்பட்டினம் வரை கடற்கரை ஓரத்தில் மீனவர் குப்பங்கள். வலை இழுப்பதும், மீன் கூடை தூக்குவதும் தோளின் வேலை. கரையில் உட்கார்ந்து குனிந்து வலை பின்னுவதும் கழுத்துக்குச் சோதனைதான்.

செங்கல்பட்டில் காலையில் மின்சார ரயில் ஏறுகிறீர்கள். உட்கார இடம் இல்லை. மேலே உள்ள கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். கை தலைக்கு மேலே! தவசியின் கோலம்தான்! மற்றொரு தோளில் பை. அதன் வார் காறை எலும்பை அழுத்துகிறது. இடம் கிடைத்தால் அடுத்த கை கைபேசியை எடுக்கிறது. தலை குனிகிறது. பேச ஆரம்பித்தால் முழங்கை மடங்கியபடியே அரை மணி நேரம்.

தையல் இயந்திரத்தில் குனிந்திருக்கும் தாய்மாருக்கும், வெள்ளை அடிக்கக் கையைத் தூக்கும் தொழிலாளிக்கும், ஒரு தோளில் மட்டும் புத்தகப் பை மாட்டும் பிள்ளைக்கும் இதே கதைதான்.

தூங்கும்போதாவது நரம்புக்கு ஓய்வு உண்டா? பலர் கையைத் தலைக்கு மேலே போட்டுத்தான் தூங்குகிறார்கள். 1945-ம் ஆண்டில் இர்விங் ரைட் என்ற அமெரிக்க டாக்டர் இதை ஆராய்ந்தார். கையைத் தலைக்கு மேலே தூக்கியபடி தூங்கும் பழக்கத்தால் விரல் மரத்துப் போனவர்களை அவர் கண்டார். நோய் இல்லாத பலருக்கும் கூடக் கையை அப்படித் தூக்கினால் மணிக்கட்டில் நாடி குறைந்து போனது!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நாற்காலியின் முதுகில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு போதையில் தூங்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். காலையில் எழுந்தால் மணிக்கட்டு தொங்கிவிடும். தூக்க முடியாது. மேற்கை எலும்பின் பின்னால் ஓடும் நரம்பு நாற்காலியில் நசுங்கியதுதான் காரணம். மேல்நாட்டில் இதற்கு 'சனிக்கிழமை இரவு வாதம்' என்றே பெயர். சனிக்கிழமை சம்பளம், சனிக்கிழமை இரவு சாராயம், ஞாயிற்றுக்கிழமை கை விளங்காது!

ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

கல்யாணப் பந்தியில் சம்மணம் போட்டு உட்காருகிறோம். கால் மரத்துப் போகிறது. எழுந்து நடந்தால் சில நிமிடங்களில் சரியாகிவிடுகிறது. நரம்புக்கு வந்த கெடுதல் அந்த அளவோடு நின்றால் பயம் இல்லை.

ஆனால் அதே நெருக்கம் தினமும் நடந்தால்?

நரம்பு மின்சாரக் கம்பி மாதிரி. உள்ளே கம்பி. மேலே உறை. முதலில் உறை தேயும். அந்த நிலையில் நெருக்கத்தை எடுத்துவிட்டால், சில வாரங்களிலோ சில மாதங்களிலோ குணமாகிவிடும்.

அப்போதும் கவனிக்காவிட்டால் உள்ளே உள்ள கம்பியே அறுந்துபோகும். அறுந்தது மறுபடியும் வளரும். ஆனால் எவ்வளவு வேகத்தில் தெரியுமா? ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்!

முழங்கையில் இருந்து உள்ளங்கைக்கு ஓர் அடி தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அடி என்றால் ஏறக்குறைய 300 மில்லிமீட்டர். ஆகவே ஏறக்குறைய 300 நாள். கழுத்தில் இருந்து உள்ளங்கைக்கு இரண்டு அடிக்கும் மேல். ஏறக்குறைய இரண்டு ஆண்டு!

அதுவரை கைத் தசை காத்திருக்குமா? காத்திருக்காது. நரம்பின் கட்டளை ஒன்றரை ஆண்டு வரை வராவிட்டால் தசை சுருங்கி வீணாகிவிடும். பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் பயன் இல்லை. அறுவடை முடிந்த பிறகு கடைமடைக்குத் தண்ணீர் வந்த கதைதான்.

கையால் பிழைக்கும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமா?

திருமணியில் ஒரு கை

எல்லா மரப்புக்கும் உட்காரும் விதம்தான் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. நீரிழிவு, தைராய்டு குறைவு, வைட்டமின் பி-12 குறைவு, இவற்றாலும் கை மரக்கும். கர்ப்பிணிகளுக்கும் மரப்பது உண்டு. இன்னொரு காரணமும் உண்டு. தொழுநோய். அதைப் பற்றிச் செங்கல்பட்டிலேயே நடந்த ஒரு வரலாறு இருக்கிறது.

1947-ம் ஆண்டு. டாக்டர் ராபர்ட் காக்ரேன் செங்கல்பட்டில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்துவந்தார். அவரைப் பார்க்க வேலூரில் இருந்து ஓர் அறுவை சிகிச்சை டாக்டர் வந்தார். அவர் பெயர் பால் பிராண்ட். வெள்ளைக்காரர். ஆனால் பிறந்தது நம் கொல்லிமலையில்!

ஆஸ்பத்திரியில் நடந்துகொண்டே வந்தவர், ஒரு நோயாளியின் கையைப் பார்த்தார். விரல்கள் நண்டுக்கால் மாதிரி மடங்கிக் கிடந்தன. "என் கையைப் பிடித்து அழுத்து" என்றார். நோயாளி அழுத்தினார். டாக்டருக்கு வலி தாங்கவில்லை! அவ்வளவு பலம்!

பிராண்ட் திகைத்துப் போனார். விளங்காத கை என்றல்லவா எல்லாரும் ஒதுக்கி வைத்திருந்தார்கள்! இந்தக் கைக்குள் இவ்வளவு பலம் இருக்கிறதே! அப்படியானால் கை அழுகிப் போகவில்லை. சில தசைகளுக்குப் போகும் நரம்புதான் கெட்டிருக்கிறது. மீதித் தசைகள் நன்றாகவே இருக்கின்றன.

அதில் இருந்து பிறந்தது ஒரு புதிய சிகிச்சை. வேலையுள்ள தசைநாரை எடுத்து, வேலை போன இடத்தில் பொருத்தி, மடங்கிய விரல்களை நிமிர்த்தினார் பிராண்ட். காக்ரேன் இருந்த அந்த ஆஸ்பத்திரியை 1955-ல் மத்திய அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருமணியில் உள்ள மத்திய தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையம் அதுதான்.

அந்த நோயாளியின் நரம்பு எங்கே கெடுகிறது? பெரும்பாலும் முழங்கையில்! நாம் சொன்ன அதே நான்காவது மதகு. தொழுநோய்க் கிருமி நரம்புக்குள் புகுகிறது. நரம்பு வீங்குகிறது. குறுகலான இடத்தில் நெருக்குண்டு சாகிறது. சிற்பிக்கு நெருக்குவது உட்காரும் விதம். இங்கே நெருக்குவது கிருமி. கடைமடை காய்வது மட்டும் ஒன்றே.

பிராண்ட் இன்னொன்றையும் கண்டார். வலி தெரியாததால்தான் அவர்கள் விரலை இழந்தார்கள். சுடுகிற பாத்திரத்தைப் பிடித்தால் நாம் கையை எடுத்துவிடுவோம். அவர்களுக்குச் சுடுவது தெரியாது. புண் ஆகும். அதுவும் தெரியாது. "வலி ஒரு வரம்" என்று பிராண்ட் தம் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார்.

ஆகவே, வலிக்கிற கையை விட, வலிக்காமல் மரத்துப் போன கையைக் கண்டுதான் அதிகம் பயப்பட வேண்டும்!

மரப்போடு, உணர்ச்சி இல்லாத வெளிறிய தேமலோ சிவந்த தேமலோ இருந்தால் உடனே அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். கூச்சம் வேண்டாம். 1980-களில் வந்த கூட்டு மருந்தால் தொழுநோய் முழுக்கக் குணமாகிறது. ஆறு மாதமோ ஓராண்டோ மாத்திரை. இலவசம்.

உடனே ஓட வேண்டிய நேரம்

சில அறிகுறிகளுக்கு நாள் பார்க்கக் கூடாது.

திடீரென்று ஒரு கை விளங்கவில்லை, வாய் கோணுகிறது, பேச்சுக் குழறுகிறது என்றால் அது தோள் நரம்பு அல்ல. மூளையில் இரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கிறது. மார்பில் பாரம் வைத்தது போல் அழுத்தி, வியர்த்து, இடது கைக்கு வலி இறங்கினால் அது இருதயம். இந்த இரண்டுக்கும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

இரண்டு கையும் தடுமாறுகிறது, நடையும் தள்ளாடுகிறது என்றால் கழுத்தில் தண்டுவடமே நெருக்கப்படலாம். கை வீங்கி நீலம் பாய்ந்தால் இரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கட்டைவிரலின் அடிச்சதை வற்றுகிறதா? சட்டைப் பொத்தான் போட முடியவில்லையா? பொருள் கை தவறி விழுகிறதா? சில வாரமாக மரப்பு விடவில்லையா? இனிமேல் தைலம் போதாது. டாக்டரிடம் காட்டுங்கள். 1965-ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி செங்கல்பட்டிலேயே இருக்கிறது. நரம்பில் மின் ஓட்டம் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அளந்து, அடைப்பு எங்கே என்று கண்டுபிடிக்கச் சோதனை உண்டு.

என்ன செய்யலாம்?

1956-ல் அமெரிக்காவில் மேயோ ஆஸ்பத்திரி டாக்டர்கள், தோளில் ஏற்படும் இந்த நெருக்கத்துக்கு இன்று வழங்கும் பெயரை வைத்தார்கள். 'மார்பு வாசல் நோய்' என்று தமிழில் சொல்லலாம். அவர்கள் எழுதிய சிகிச்சை என்ன தெரியுமா? கத்தி அல்ல. உடற்பயிற்சி! இன்றும் பெரும்பாலோருக்கு முதல் மருந்து அதுதான். அறுவை சிகிச்சை சிலருக்கு மட்டுமே.

காசு செலவில்லாத யோசனைகள் சில:

1. வேலையை உயர்த்துங்கள். குனிந்து வேலைக்குப் போகாதீர்கள். வேலை உங்களிடம் வரட்டும். சிறிய சிலையை மேடை மேல் வைத்துச் செதுக்கலாம். தையல் இயந்திரத்துக்கு ஏற்ற உயரத்தில் முக்காலி போடலாம்.

2. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திருங்கள். தோளை உயர்த்திப் பின்னால் சுழற்றி இறக்குங்கள். பத்துத் தடவை போதும்.

3. வாசல் நிலையின் இரு பக்கமும் கையை ஊன்றி, ஒரு காலை முன்னால் வைத்து, மார்பை மெல்ல முன்னே தள்ளி நில்லுங்கள். முன் தசை தளரும். வலித்தால், மரத்தால் நிறுத்திவிடுங்கள்.

4. சுமையைத் தோள் மாற்றுங்கள். பிள்ளையின் பைக்கு இரண்டு வாரையும் மாட்டச் சொல்லுங்கள்.

5. ரயிலில் தொங்கும்போது நிலையத்துக்கு நிலையம் கையை மாற்றுங்கள். செங்குத்துக் கம்பி இருந்தால் தோளுக்குக் கீழே பிடியுங்கள்.

6. கைபேசியைக் கண்ணுக்கு நேரே உயர்த்துங்கள். நீண்ட பேச்சுக்குக் காதில் மாட்டும் கருவி நல்லது.

7. கையைத் தலைக்கு அடியில் வைத்துத் தூங்காதீர்கள். இரவில் முழங்கை அதிகம் மடங்காமல் இருக்க ஒரு துண்டைத் தளர்வாகச் சுற்றிக்கொள்ளலாம். மணிக்கட்டுக்கு டாக்டர் பட்டை தருவார்.

8. உளியின் பிடியில் துணியோ ரப்பரோ சுற்றுங்கள். அதிரும் இயந்திரத்தைத் தொடர்ந்து பிடிக்காமல் இடைவெளி விடுங்கள்.

செய்யக் கூடாதவையும் உண்டு. முடிதிருத்தும் கடையில் கழுத்தைத் திருகிச் சொடுக்கு எடுப்பது வேண்டவே வேண்டாம். அதனால் கழுத்து இரத்தக் குழாய் கிழிவதும் உண்டு. மரத்த கைக்குச் சுடு ஒத்தடம் கொடுப்பதும் ஆபத்து. சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும்.

கல்லும் கையும்

நாம் பார்த்த அந்தச் சிற்பியின் வீட்டுக்குத் திரும்புவோம்.

இரவு 2 மணி. அவர் கையை உதறுகிறார். "விடிஞ்சா சரியாப் போயிடும்" என்கிறார்.

மனைவி இந்தத் தடவை விடக் கூடாது. "விடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குப் போவோம். வாங்க, நானும் வர்றேன்" என்று சொல்ல வேண்டும். உறை தேய்கிற நாளிலேயே போனால் இருப்பை மாற்றினால் போதும். கம்பி அறுந்த பிறகு போனால் ஆண்டுக்கணக்கு.

மாமல்லபுரத்தில் ஒற்றைக் காலில் நிற்கும் தவசிக்குக் கை மரக்காது. ஆனால் அவரைச் செதுக்கினானே ஒரு சிற்பி, அவன் கை கல் அல்ல. சதையும் நரம்பும். அந்தக் கை நன்றாக இருந்ததால்தான் இந்தத் தவசி நமக்குக் கிடைத்தார்.

உங்கள் வீட்டில் யாராவது இரவில் எழுந்து கையை உதறுகிறார்களா? இன்றைக்கே கேளுங்கள்!